கடினமான காலத்தில் ஆவிக்குரிய வளர்ச்சி: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

துக்கமோ வியாதியோ தோல்வியோ வந்தவுடன் பெரும்பாலான விசுவாசிகள் கடைசிப் படியில் கால் வைக்கிறார்கள். “இதில் தேவன் எனக்கு என்ன கற்றுத்தருகிறார்?” என்று முதல் வாரத்திலேயே கேட்கிறார்கள். விடை கிடைக்காவிட்டால் தங்கள் விசுவாசமே சரியில்லை என்று முடிவுகட்டிக்கொள்கிறார்கள். பல நேரங்களில் தவறு விசுவாசத்தில் இருப்பதில்லை, வரிசையில் இருக்கிறது. கீழே உள்ள படிகளை அந்தந்த வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அடுத்த படி ஏன் வேலை செய்யாது என்பதும் அங்கங்கே சொல்லப்பட்டிருக்கிறது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அச்சடித்த வேதாகமம், ஒரு நோட்டு, பேனா. கைப்பேசியில் வேதம் வாசிப்பது தவறில்லை. ஆனால் மனம் உடைந்திருக்கும்போது விரல் தானாக வேறெதையாவது திறந்துவிடும், ஒதுக்கிய நேரம் அதிலேயே போய்விடும்.

நோட்டு மற்றவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் உண்மையை எழுத மாட்டீர்கள், நல்ல பிள்ளையாக எழுதுவீர்கள்.

நாளுக்கு 15 நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம். இதை ஆறு வாரத்துக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தில் கஷ்டம் தீர்ந்துவிடும் என்பதற்காக அல்ல. திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நோட்டில் பக்கங்கள் சேர அவ்வளவு காலமாவது தேவை.

1. முதலில் உடலையும் பாதுகாப்பையும் பாருங்கள்

1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தான் சாகவேண்டும் என்று கேட்கிறான். தேவன் உடனே பேசவில்லை. அவன் தூங்குகிறான். தூதன் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். மறுபடி தூங்குகிறான், மறுபடி சாப்பாடு. அதன்பிறகு 40 நாள் பயணம். ஓரேப் மலையை அடைந்த பிறகுதான் “இங்கே உனக்கு என்ன காரியம்?” என்ற கேள்வி வருகிறது.

இந்த வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். முதல் வாரம் தூக்கம், வேளாவேளைக்குச் சாப்பாடு, கொஞ்சம் நடை. ஏற்கனவே சாப்பிடாமல் தூங்காமல் இருக்கிறவர் இந்த நேரத்தில் நீண்ட உபவாசம் எடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது. களைத்த மூளை தேவனுடைய மௌனத்தையும் தன் சொந்தச் சோர்வையும் பிரித்தறியாது.

மனச்சோர்வு, தூக்கக்கேடு, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவ உதவி தேடுங்கள், தனியாக இருக்காதீர்கள். மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், பவுல் தன்னோடிருந்த லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று அழைப்பதை (கொலோசெயர் 4:14) அவருக்குக் காட்டுங்கள்.

உங்கள் கஷ்டமே உங்களை அடிக்கிற அல்லது மிரட்டுகிற ஒரு மனிதர் என்றால், இந்த வழிகாட்டியை மூடிவிட்டு முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது “பொறுமை கற்றுக்கொள்கிறேன்” என்று அங்கேயே நிற்கவில்லை, தப்பி ஓடினான் (1 சாமுவேல் 19:10). சவுலின்மேல் கைபோடாமல் இருந்ததும் அதே தாவீதுதான். தப்பிப்பதும் மன்னிப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

2. இது எந்த வகைக் காலம் என்று கண்டுபிடியுங்கள்

எல்லாவற்றையும் “சோதனை” என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவதுதான் இங்கே வழக்கமான தடுமாற்றம். துக்கத்துக்கு வேண்டிய ஜெபம் வேறு, குற்றவுணர்வுக்கு வேண்டியது வேறு. வகை தெரியாவிட்டால் எந்தச் சங்கீதத்தை எடுப்பது என்றும் தெரியாது.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: என்ன நடந்தது, எப்போது நடந்தது, எதை இழந்தேன். விளக்கம் வேண்டாம், வசனமும் வேண்டாம். பிறகு சங்கீதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இழப்பிலும், தேவன் மறந்துவிட்டார் என்ற உணர்விலும் இருப்பவர்களுக்கு 13. உடல் தளர்ந்திருந்தால் 6 அல்லது 102. நெருங்கியவர் துரோகம் செய்திருந்தால் 55, அதிலும் 12 முதல் 14 வரையுள்ள வசனங்கள். ஜெபமே வறண்டுபோயிருந்தால் 42-ஐயும் 43-ஐயும் சேர்த்து வாசியுங்கள். “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்” என்ற அடி இரண்டிலுமாக மூன்று முறை வருவதைப் பார்த்தால், அவை ஒரே ஜெபம் போலவே ஓடுவது புரியும். துன்மார்க்கர் நன்றாயிருக்க நீங்கள் மட்டும் நொறுங்குவதாகத் தோன்றினால் 73. பதிலுக்குக் காத்திருக்கிற காலமென்றால் 130. உண்மையாகவே தப்பு செய்து அதன் விளைவை அனுபவிக்கிறீர்கள் என்றால் 32, 51.

இந்தக் கடைசி வகையில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் வருகிற எல்லாத் துன்பத்துக்கும் தங்களிடம் ஒளிந்திருக்கும் பாவத்தைத் தேடுகிறார்கள். பிறவிக் குருடனைக் கண்டு சீஷர்கள் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள், இயேசு அதை ஏற்கவில்லை (யோவான் 9:1-3). வேறு சிலரோ தங்கள் கோபமும் பொய்யும் கொண்டுவந்த விளைவையெல்லாம் சத்துருவின் தாக்குதல் என்று சொல்லிவிடுகிறார்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் செய்தது இன்னது, இன்னாருக்கு விரோதமாக, இன்ன நாளில் என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அறிக்கையிடுங்கள், சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யுங்கள். சொல்ல முடியாமல், “நான் எப்படியோ சரியில்லாதவன்” என்ற மங்கலான பாரம் மட்டுமே இருந்தால், அது பெரும்பாலும் துக்கம் போட்டிருக்கும் வேஷம். அதற்கு 51-ஐ எடுக்காதீர்கள், 13-ஐ எடுங்கள்.

3. புலம்பலை ஜெபமாக்குங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். அதிகமானோர் விட்டுவிடுகிற படியும் இதுதான். சங்கீதப் புத்தகத்திலுள்ள 150-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் என்பதை மறந்துவிட்டு, புலம்புவது அவிசுவாசம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

முறுமுறுப்பும் புலம்பலும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். இஸ்ரவேலர் தங்கள் கூடாரங்களில் இருந்துகொண்டு, கர்த்தர் நம்மை வெறுத்தார் என்று முறுமுறுத்தார்கள் (உபாகமம் 1:27). தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், அவரிடம் பேசவில்லை. சங்கீதக்காரன் அதே கசப்போடு நேராக அவரிடமே போகிறான்: “எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” உங்கள் நோட்டில் “அவர் ஏன் இப்படிச் செய்தார்” என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு “நீர் ஏன் இப்படிச் செய்தீர்” என்று எழுதுங்கள். சின்னத் திருத்தம்தான், ஆனால் பேச்சு ஜெபமாவது அந்த இடத்தில்தான்.

13-ஆம் சங்கீதத்தை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஆறே வசனங்கள். 1, 2 முறையீடு. 3, 4 விண்ணப்பம். 5, 6 நம்பிக்கை. சத்தமாக மூன்று முறை வாசியுங்கள். சத்தமாக என்பது முக்கியம், கண்ணால் மட்டும் ஓட்டினால் பழகிய வசனம் வழுக்கிக்கொண்டு போய்விடும். பிறகு உங்களுடையதை எழுதுங்கள்:

தேவனை அழைக்க ஒரு வரி. முறையீட்டுக்கு மூன்று முதல் ஐந்து வரி. விண்ணப்பம் ஒரு வரி. நம்பிக்கை ஒரு வரி. முறையீட்டு வரிகளில் பொதுவான சொற்கள் வேண்டாம். “மிகவும் கஷ்டமாயிருக்கிறது” என்பதைவிட “இரவு இரண்டு மணிக்கு விழித்தால் அவர் படுக்கும் பக்கம் காலியாயிருக்கிறது” என்பது மேல். தாவீது தன் எலும்புகள் நடுங்குகிறது என்கிறான், படுக்கை கண்ணீரால் நனைகிறது என்கிறான் (சங்கீதம் 6). அவ்வளவு குறிப்பாக எழுதலாம்.

இங்கே நடக்கும் பிழைகள் இரண்டு. முதலாவது, இரண்டாவது வரியிலேயே “ஆனாலும் ஸ்தோத்திரம்” என்று ஓடிவிடுவது. புலம்பல் புத்தகத்தில், கர்த்தருடைய கிருபையினால் நிர்மூலமாகாதிருக்கிறோம் என்ற வசனம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்: 3:22. அதற்கு முன் முழுசாக இரண்டு அதிகாரம் அழுகை. மூன்றாவது அதிகாரத்தின் தொடக்கமும் அழுகைதான். அந்த வசனத்துக்குப் பின்னும் நான்காம், ஐந்தாம் அதிகாரங்களில் அழுகை தொடர்கிறது. அந்த ஒரு வசனத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சுவரில் மாட்டுகிறோம், அதைச் சுற்றியிருக்கிற கண்ணீரை விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது, நம்பிக்கை வரி வராத நாளில் பொய்யாக ஒன்றை எழுதிவைப்பது. அப்படிப்பட்ட நாளுக்குத்தான் 88-ஆம் சங்கீதம். அது இருளிலேயே முடிகிறது, ஆறுதலான கடைசி வரி அதில் கிடையாது. ஆனால் அதன் முதல் வசனம் தேவனை “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று அழைக்கிறது. அப்படி அழைத்ததையே அன்றைய நம்பிக்கையாக வைத்துக்கொண்டு நோட்டை மூடலாம்.

இப்படியெல்லாம் பேசுவது மரியாதைக் குறைவு என்று பயப்படுகிறவர்கள் சிலுவையை நினைத்துக்கொள்ளட்டும். “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று இயேசு கூப்பிட்டது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்.

4. ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள்

முறையீட்டை எழுதி முடித்த பிறகுதான் உண்மையில் எது வேண்டும் என்று தெரியவரும். அதனால்தான் இது நான்காவது படி. முன்னதாகவே கேட்கப் போனால் பத்து விண்ணப்பம் வரும், எதுவும் குறிப்பாக இருக்காது.

ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், பக்கத்தில் தேதி போடுங்கள். “என்னை ஆசீர்வதியும்” என்று எழுதினால் பதில் வந்ததா இல்லையா என்று ஒருநாளும் தெரியாது. “வெள்ளிக்கிழமை அவரோடு பேசும்போது கோபப்படாமல் உண்மையைச் சொல்ல எனக்குப் பெலன் தாரும்” என்றால் தெரியும். கஷ்டம் நீங்கும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், வரப்போகிற பாடு நீங்கும்படி இயேசு மூன்று முறை ஜெபித்தார். தன் மாம்சத்திலுள்ள “முள்” என்று தான் சொன்ன உபத்திரவம் நீங்கும்படி பவுலும் மூன்று முறை வேண்டிக்கொண்டார் (2 கொரிந்தியர் 12:8). ஒருமுறை கேட்டுவிட்டு, திரும்பக் கேட்டால் அவிசுவாசம் என்று நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

பேரம் பேசாதீர்கள். “இதைச் செய்தால் நான் இதைச் செய்வேன்” என்று மன அழுத்தத்தில் செய்த பொருத்தனைகள் பின்னாளில் ஒரு தனிப் பாரமாகிவிடுகின்றன.

வாரம் ஒருமுறை அந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். அது தானாக மாறிக்கொண்டு வருவதைக் காண்பீர்கள். “இதை எடுத்துப்போடும்” என்பது சில வாரங்களில் “இதில் என்னோடிரும்” என்று ஆகலாம். மாறினால் புதிய தேதியோடு எழுதுங்கள். மாறாவிட்டால் பழையதையே தொடருங்கள், வலுக்கட்டாயமாகப் பக்குவப்பட வேண்டாம்.

5. ஒழுங்கைச் சுருக்குங்கள், நிறுத்தாதீர்கள்

நல்ல காலத்தில் ஒரு மணி நேரம் ஜெபித்தவர் இப்போதும் அதையே முயன்று, மூன்று நாளில் தோற்று, முழுவதும் விட்டுவிடுவார். அதனால்தான் 15 நிமிடம். இப்படிப் பிரிக்கலாம்: இரண்டு நிமிடம் அமைதி, ஐந்து நிமிடம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தல், ஐந்து நிமிடம் எழுதுதல், கடைசி மூன்று நிமிடத்தில் கர்த்தர் கற்பித்த ஜெபமும் வேறொருவருக்காக ஒரு வாக்கியமும்.

அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வலி எப்போதும் நம்மை நமக்குள்ளேயே சுருட்டும். இன்னொருவர் பெயரை ஜெபத்தில் சொல்வது அந்தச் சுருளைக் கொஞ்சம் பிரிக்கிறது.

ஒரு வாரம் முழுவதும் ஒரே சங்கீதம். நாளுக்கு ஒன்றாக மாற்றினால் ஆறுதலான வசனம் கிடைக்கும்வரை தேடும் பழக்கம் வந்துவிடும். வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்த வசனத்தை வாக்குத்தத்தமாக எடுப்பதும் இதே வகைதான். அன்றைக்குத் தெம்பு தரும், அடுத்த வாரம் அதே வசனம் நிறைவேறவில்லை என்று புதிதாக ஒரு காயத்தையும் தரும்.

சொற்களே வராத நாள் வரும். அன்று கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் மெதுவாகச் சொல்லி முடியுங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்பது (ரோமர் 8:26) அந்த நாளுக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கும். ஒருநாள் தவறினால் மறுநாள் முப்பது நிமிடமாக ஈடுகட்ட வேண்டாம். கடன் கணக்கு தொடங்கிவிட்டால் ஜெபம் தண்டனையாகிவிடும்.

ஆராதனைக்குப் போங்கள். பாட முடியாவிட்டால் நின்றுகொண்டு கேளுங்கள், சபை உங்களுக்காகப் பாடும். 73-ஆம் சங்கீதத்தைப் பாடிய ஆசாப்பின் பார்வை மாறிய இடம், அவன் தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்த 17-ஆம் வசனம். தனியாக யோசித்துக்கொண்டிருந்தவரை அது அவனுக்கு விசனமாகவே இருந்தது.

இந்தக் காலத்தில் தள்ளிப்போடக்கூடிய பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள்: வேலையை விடுவது, சபையை மாற்றுவது, ஊழியத்துக்கு அர்ப்பணிப்பது, உறவை முறிப்பது. பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு மட்டும் இதற்கு விலக்கு.

6. இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஒருவர் போதாது, அவருக்கும் பாரம் அதிகமாகிவிடும். முப்பது பேர் வேண்டாம். தேர்ந்தெடுக்கும்போது மூன்று காரியங்களைப் பாருங்கள்: இரகசியம் காப்பவரா, பேசுவதைவிட அதிகமாகக் கேட்பவரா, தானும் ஒரு கஷ்டத்தைக் கடந்து வந்தவரா. முதலாவது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் இருந்து பயனில்லை.

என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: “எனக்கு ஆலோசனை வேண்டாம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் கேளுங்கள், முடிவில் சுருக்கமாக ஜெபியுங்கள்.” இதைச் சொல்லாவிட்டால் அன்பானவர்கள்கூட விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

ஜெபக்குழுவுக்கு முழு விவரமும் கொடுக்க வேண்டியதில்லை. “குடும்பத்தில் ஒரு காரியத்துக்காக ஜெபியுங்கள்” என்பதே போதும். வியாதியென்றால் சபையின் மூப்பர்களை வரவழைத்து ஜெபிக்கச் சொல்வது யாக்கோபு 5:14 காட்டும் வழி. அவர்களாக வருவார்கள் என்று காத்திருந்து மனம் கசந்துபோகிறவர்கள் உண்டு. அந்த வசனப்படி வரவழைப்பது வியாதிப்பட்டவர்.

தேர்ந்தெடுத்தவர்களும் ஒருநாள் தவறுவார்கள். கெத்செமனேயில் இயேசு கூட்டிச்சென்ற மூவரும் தூங்கிவிட்டார்கள். அதற்காக அவர் அவர்களைக் கைவிடவில்லை. ஏமாற்றம் வந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள், உடனே ஆளை மாற்றாதீர்கள்.

7. ஆறு வாரம் கழித்து நோட்டைத் திறந்து பாருங்கள்

இப்போதுதான் “என்ன கற்றேன்” என்ற கேள்விக்கு இடம். ஒரே அமர்வில் முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். இரண்டு நிறத்தில் கோடிடுங்கள்: திரும்பத் திரும்ப வந்த முறையீட்டுக்கு ஒரு நிறம், மாறிப்போன விண்ணப்பத்துக்கு இன்னொன்று.

காரணத்தைத் தேடாதீர்கள், கனியைத் தேடுங்கள். யோபு புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்த உரையாடல் நமக்குத் தெரியும், யோபுவுக்குத் தெரியாது. 38-ஆம் அதிகாரத்தில் தேவன் பேசத் தொடங்கியபோதும் அதை அவனுக்குச் சொல்லவில்லை. ஏன் என்பது தெரியாமலே அவன் தேவனைக் கண்டான். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் 8:28-ஐ எடுக்கிறவர்கள் 29-ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும்: அங்கே சொல்லப்படும் நோக்கம் குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. இழந்த வேலைக்குப் பதில் இதைவிடப் பெரிய வேலை கிடைக்கும் என்று அந்த வசனம் சொல்லவில்லை.

வளர்ச்சிக்கு அடையாளம் என்று எதைக் கொள்ளலாம்? அடி விழுந்த நேரத்துக்கும் தேவனிடம் பேசத் தொடங்கும் நேரத்துக்கும் இடைவெளி குறைந்திருக்கிறதா? முன்பு மூன்று நாள் ஆனது இப்போது அதே இரவில் நடக்கிறதா? உங்களைக் காயப்படுத்தியவரைப் பற்றிய வரிகளில் வசை குறைந்து ஜெபம் ஒன்றாவது நுழைந்திருக்கிறதா? மற்றவர் அழும்போது அறிவுரை சொல்லாமல் இருக்க முடிகிறதா? அழுகை நின்றுவிட்டதா என்பது அடையாளமே இல்லை. லாசருவின் கல்லறையருகே, அவனை எழுப்பப்போகிற இயேசுவே அழுதார்.

எதுவும் மாறவில்லை என்று தோன்றினால் ஆறாம் படியில் சேர்த்துக்கொண்ட இருவரில் ஒருவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்களும் ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டாம் படிக்குத் திரும்பி, வகையைச் சரியாகப் பிடித்தோமா என்று பாருங்கள். துக்கம் என்று நினைத்தது கோபமாக இருக்கலாம்.

8. சாட்சி சொல்வதற்கு முன்

நாம் பெற்ற ஆறுதலால் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்யலாம் (2 கொரிந்தியர் 1:4). ஆனால் அவசரம் வேண்டாம். மேடையில் சாட்சி கேட்டு நெருக்கினால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சொன்ன பிறகு இரண்டு நாள் தூங்க முடியாது என்று தெரிந்தால் இன்னும் நேரமாகவில்லை. கதையில் வேறொருவர் இருந்தால் அவருடைய அனுமதி வேண்டும். துரோகம் செய்தவரைக் கூட்டத்தார் அடையாளம் காணும்படி சொல்வது சாட்சியாகாது.

முதலில் ஒரே ஒருவரிடம் தொடங்குங்கள், உங்களைப் போன்ற காலத்துக்குள் இப்போது நுழைந்திருக்கிறவரிடம். அவருக்கு உங்கள் ஏழாம் படியைச் சொல்லாதீர்கள். தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.

நினைவுநாள், மருத்துவ அறிக்கை, பழைய ஒரு பாடல் என்று ஏதோ ஒன்று உங்களையும் திடீரெனத் திரும்ப இழுக்கும். அப்போது எல்லாம் வீணாயிற்று என்று நினைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டாம். அந்த வாரத்துக்கு மட்டும் 13-ஆம் சங்கீதத்தை எடுத்து மூன்றாம் படியைச் செய்யுங்கள், தேதியைப் போட்டுவையுங்கள்.